உணவு அலர்ஜியும் குடல் பாக்டீரியாவும்: எதைச் செய்யலாம், எதைத் தொடக் கூடாது

பிள்ளைக்கு உணவு அலர்ஜி என்று தெரிந்த உடனே பெற்றோர் கேட்பது, "எந்தப் புரோபயாடிக் (உயிருள்ள நல்ல பாக்டீரியா அடங்கிய மாத்திரையோ பொடியோ) வாங்கிக் கொடுக்கலாம்?" என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். என் மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். வெந்த முட்டையை மசித்து இரண்டு வாய் ஊட்டிவிட்டு, கிண்ணத்தைக் கழுவப் போட்டுத் திரும்புவதற்குள் உதட்டைச் சுற்றிச் சிவந்து, கழுத்தில் தடிப்புத் தடிப்பாக எழும்பி, ஒரு கண் இமை வீங்கி மூடிக்கொண்டது. அந்த வாரம் தூங்காமல் உட்கார்ந்து படித்ததில் குடல் பாக்டீரியா என்ற பேச்சு திரும்பத் திரும்ப வந்தது. அதன்பின் பல வருடம் படித்தும் டாக்டர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடல் பாக்டீரியாவுக்கும் அலர்ஜிக்கும் தொடர்பு உண்டு, அது வெறும் விளம்பரப் பேச்சு இல்லை. ஆனால் அந்தத் தொடர்பை மாத்திரை டப்பாவில் தேடினால் கிடைக்காது. பிள்ளையின் முதல் ஒரு வருடத்தில் நாம் எடுக்கும் சில முடிவுகளிலும், தினமும் தட்டில் விழும் சாப்பாட்டிலும்தான் அது இருக்கிறது. அலர்ஜி ஏற்கனவே வந்துவிட்ட வீட்டுக்கு விதிகள் வேறு, அதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் மற்றதைச் செய்தால் பாதியில் குழம்பிவிடும். நாம் சாப்பிடும் ஒவ்வொரு வாய் உணவும் உடம்புக்கு அந்நியப் பொருள்தான். அதனால் குடல் சுவரை ஒட்டி நிற்கும் நோய் எதிர்ப்பு செல்கள் நாள் முழுக்க ஒரே முடிவைத்தான் எடுத்துக்கொண்டிருக்கின்றன: வந்திருப்பது விருந்தாளியா, திருடனா. விருந்தாளி என்று அடையாளம் கண்டு சும்மா இருக்கக் குடல் பழகுகிறது. அந்தப் பழக்கத்தைக் காப்பவை ஒழுங்குபடுத்தும் டி செல்கள், அதாவது மற்ற எதிர்ப்பு செல்களை "பொறு, அடிக்காதே" என்று பிடித்து வைப்பவை. அவை சரியாக வேலை செய்யாவிட்டால் உடம்பு அந்த உணவின் புரதத்துக்கு எதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து மாஸ்ட் செல்கள் என்ற ஒருவகை எதிர்ப்பு செல்களின் மேல் ஒட்டி வைத்துவிடும். அடுத்த முறை அதே உணவு வரும்போது மாஸ்ட் செல்கள் உள்ளே வைத்திருக்கும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டும். தடிப்பு, வீக்கம், வாந்தி, மூச்சுத் திணறல் எல்லாம் அதிலிருந்து வருகிறவைதான்.

பாக்டீரியா எங்கே வருகிறது? 2016-இல் வந்த ஒரு கணக்குப்படி நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை பெருங்குடலில். மொத்த எடை கால் கிலோகூட இல்லை. இவற்றில் ஒரு கூட்டம் நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் புளிக்க வைத்து பியூட்டிரேட் என்ற சிறிய கொழுப்பு அமிலத்தைச் செய்து தருகிறது. குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கியச் சாப்பாடு, கூடவே ஒழுங்குபடுத்தும் டி செல்கள் உருவாகவும் அது தூண்டுதல். அதாவது பாக்டீரியாவுக்கு நாம் சோறு போட்டால் அது நம் காவல்காரர்களுக்கு நிதானம் கற்றுக்கொடுக்கிறது.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் கேத்ரின் நாக்லர் குழு இதை எலிகளில் பார்த்தது. பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளும், குட்டியிலேயே ஆன்டிபயாடிக் கொடுத்த எலிகளும் வேர்க்கடலைக்கு எளிதில் அலர்ஜி ஆயின. க்ளாஸ்ட்ரிடியா என்ற பாக்டீரியாக் கூட்டத்தைக் குடலில் திரும்பக் குடியேற்றியதும் பாதுகாப்பு வந்தது, கடலைப் புரதம் குடலைத் தாண்டி ரத்தத்துக்குள் கசிவதும் குறைந்தது. இது 2014-இல் வெளியானது. 2019-இல் அதே குழு இன்னொன்று செய்தது: நலமான குழந்தைகளின் மலத்திலிருந்த பாக்டீரியாவைச் சில எலிகளுக்கும், பால் அலர்ஜி உள்ள குழந்தைகளுடையதை வேறு சில எலிகளுக்கும் கொடுத்தார்கள். முதல் கூட்டம் பால் புரதத்தைத் தாங்கிக்கொண்டது, இரண்டாவது கூட்டத்துக்குக் கடுமையான ஒவ்வாமை அதிர்ச்சி வந்தது. அனேரோஸ்டிப்பஸ் காக்கே என்ற ஒரே ஒரு பாக்டீரியா மட்டும் தனியாகக் கொடுத்தபோதே பாதுகாப்புத் தந்தது, அதுவும் பியூட்டிரேட் செய்கிற இனம்தான். (க்ளாஸ்ட்ரிடியா என்றதும் பயப்பட வேண்டாம், நோய் தருகிற சில பெயர்கள் அந்தக் குடும்பத்தில் இருந்தாலும் பெரும்பாலானவை சாது.)

எலியில் நடந்தது அப்படியே பிள்ளையில் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை இவை காட்டுகின்றன.

கொல்ல வேண்டாத இடத்தில் கொல்லாமல் இருங்கள்

முதல் ஆறு மாதத்தில் கொடுக்கும் மருந்துகளில் கவனமாக இருப்பதுதான் நம் கையில் உள்ள முதல் வேலை. அமெரிக்காவில் 7.9 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை வைத்து 2018-இல் வந்த ஆய்வில், முதல் ஆறு மாதத்தில் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து வாங்கிய குழந்தைகளுக்குப் பின்னாளில் உணவு அலர்ஜி வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. ஆன்டிபயாடிக் வாங்கியவர்களுக்கும் வாய்ப்பு கூடியிருந்தது, ஆனால் கொஞ்சம்தான். மருந்துதான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை, இரண்டும் சேர்ந்து வந்திருக்கின்றன என்று காட்டுகிறது. ஆனாலும் யோசித்துப் பார்த்தால் புரிகிறது: அமிலம் குறைந்தால் புரதம் சரியாக உடையாமல் குடலுக்குப் போகிறது, குடலில் யார் குடியிருக்கிறார்கள் என்பதும் மாறுகிறது.

ஆகவே பால் குடித்ததும் கொஞ்சம் கக்குகிற குழந்தை எடை ஏறி நன்றாக இருந்தால், "இதற்கு மருந்து அவசியம்தானா, சில வாரம் பார்க்கலாமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். சளிக்கும் சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள், வீட்டில் மிச்சம் இருக்கும் பாட்டிலைத் திறக்காதீர்கள். அதே சமயம், பாக்டீரியா தொற்று என்று டாக்டர் உறுதியாகச் சொன்னால் தயங்காமல் கொடுத்து முழுசாக முடியுங்கள். குடல் பாக்டீரியாவைக் காப்பாற்றுகிறேன் என்று குழந்தையை நிமோனியாவில் விடுவது பைத்தியக்காரத்தனம்.

பிரசவம், தாய்ப்பால் பற்றிக் கொஞ்சம். சிசேரியனில் பிறந்த குழந்தையின் குடலில் முதல் மாதங்களில் பாக்டீரியா கலவை வேறு மாதிரி இருக்கும், போகப் போகப் பெரும்பாலும் சமமாகிவிடும். தாயின் பிறப்புறுப்புத் திரவத்தைக் குழந்தை மேல் தடவும் யோசனை எங்காவது கண்ணில் பட்டால் செய்யாதீர்கள், தொற்று அபாயம் இருக்கிறது. தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்கவே முடியாத ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலிகள் நிறைய இருக்கின்றன. அவை குழந்தைக்காக இல்லை, குழந்தையின் குடலில் வாழும் பிஃபிடோபாக்டீரியாவுக்காக. பாலிலேயே பாக்டீரியாவுக்குத் தனியாகப் பங்கு வைத்திருக்கிறது இயற்கை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். முடிந்தவரை தாய்ப்பால் கொடுங்கள். ஆனால் தாய்ப்பால் கொடுத்தால் உணவு அலர்ஜியே வராது என்று யாரும் உறுதி தர முடியாது, பால் போதாமல் ஃபார்முலா கொடுத்த தாய் குற்ற உணர்வில் புழுங்கவும் தேவையில்லை. அப்புறம், அலர்ஜி வரக் கூடாது என்று கர்ப்பத்திலோ பாலூட்டும்போதோ தாய் முட்டை, கடலை, பாலை ஒதுக்க வேண்டியதில்லை.

தோலைக் கவனியுங்கள், வாயைத் திறந்து விடுங்கள்

நான் அதிகம் வலியுறுத்துவது இந்தப் பகுதியைத்தான். என் மகளுக்கு மூன்றாவது மாதத்திலிருந்தே கன்னமும் முழங்கை மடிப்பும் சிவந்து, சொரிந்து, நீர் கோத்தபடி இருந்தது. எக்சிமா. அதற்கும் முட்டைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கிடியன் லாக் முன்வைத்த கருத்து இது: ஒரு உணவு முதலில் வெடித்த தோல் வழியாக உடம்புக்குள் நுழைந்தால் உடம்பு அதைத் திருடன் என்று பதிவு செய்கிறது, முதலில் வாய் வழியாக, குடல் வழியாக வந்தால் விருந்தாளி என்று பதிவு செய்கிறது. வீட்டுத் தூசியில், நம் கையில், சோபாவில் எல்லாம் உணவின் துகள் இருக்கிறது. குழந்தை அதைச் சாப்பிடாவிட்டாலும் தோல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. இதில் பாக்டீரியாவும் புகுந்து வேலை செய்கிறது. எக்சிமா தோலில் குடியேறும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா இருக்கும் குழந்தைகளுக்கு முட்டை அலர்ஜி நீண்ட நாள் நீடிப்பதாகப் பார்த்திருக்கிறார்கள்.

லாக் குழு இதை லீப் என்ற ஆய்வில் சோதித்தது, 2015-இல் முடிவு வந்தது. கடுமையான எக்சிமாவோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 குழந்தைகள், வயது நான்கு முதல் பதினொரு மாதம். பாதிப் பேர் வாரம் மூன்று முறையாவது வேர்க்கடலை சாப்பிட்டார்கள், பாதிப் பேர் ஐந்து வயதுவரை தொடவே இல்லை. ஐந்து வயதில் பார்த்தால், ஒதுக்கியவர்களில் 17.2 சதவீதம் பேருக்குக் கடலை அலர்ஜி, சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதம் பேருக்கு மட்டும். அதற்குச் சில வருடம் முன்புவரை இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு "மூன்று வயது வரை கடலை கொடுக்காதீர்கள்" என்றுதான் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்! அதே பிள்ளைகள் பதின்ம வயதை எட்டியபின் பார்த்தபோதும் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் நிலைத்திருந்தது.

ஆகவே செய்ய வேண்டியது. எக்சிமா இருந்தால் முதல் நாளிலிருந்தே தோலை ஈரப்பதமாக வையுங்கள், டாக்டர் தந்த களிம்பை பயந்து பயந்து குறைக்காதீர்கள். களிம்பு தடவும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சமைத்த கையோடு தடவாதீர்கள். கடலை, பாதாம், பால் சேர்த்த எண்ணெயோ கிரீமோ வெடித்த தோலில் வேண்டாம்.

உணவைத் தொடங்குவது ஆறு மாதம் ஒட்டி, குழந்தை தலையை நிமிர்த்தி உட்கார்ந்து, மற்ற மசித்த உணவை விழுங்கப் பழகிய பிறகு. எக்சிமா கடுமையாக இருந்தாலோ, ஏற்கனவே முட்டை அலர்ஜி இருந்தாலோ கடலையை நீங்களாகத் தொடங்காதீர்கள், முதலில் அலர்ஜி டாக்டரைப் பாருங்கள். அவர் நான்கு மாதத்திலிருந்தே கொடுக்கச் சொன்னாலும் சொல்வார், பரிசோதனை செய்த பின். மற்ற குழந்தைகளுக்கு இப்படி: உப்பு சர்க்கரை இல்லாத மென்மையான கடலை வெண்ணெய் (பீனட் பட்டர்) இரண்டு டீஸ்பூன் எடுத்து, இரண்டு மூன்று டீஸ்பூன் வெந்நீர் விட்டுக் குழையுங்கள். முதலில் கட்டி தட்டும், விடாமல் குழைத்தால் மோர் போலத் தளர்ந்து கரண்டியிலிருந்து வழியும், அந்தப் பதம்தான் வேண்டும். ஆறட்டும். கரண்டி நுனியில் பட்டும் படாமலும் எடுத்து வாயில் வையுங்கள், பத்து நிமிடம் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஒன்றும் இல்லை என்றால் மீதியை வழக்கமான வேகத்தில் ஊட்டலாம். அதன்பின் இரண்டு மணி நேரம் யாராவது கவனித்துக்கொள்ள வேண்டும். ஆகவே இதைக் காலையில் செய்யுங்கள், தூங்கப் போகும் நேரத்தில் வேண்டாம், சளி காய்ச்சல் இருக்கும் நாளிலும் வேண்டாம்.

ஒத்துக்கொண்டால் நிறுத்தாதீர்கள்! பலர் தவறுவது இங்கேதான், ஒரு முறை கொடுத்து "சரி, ஒன்றும் ஆகவில்லை" என்று மறந்துவிடுகிறார்கள். வாரம் இரண்டு மூன்று தடவையாவது தொடர்ந்து வர வேண்டும். முழு வேர்க்கடலையையும் அதை உடைத்த துண்டுகளையும் ஐந்து வயதுக்கு முன் கொடுக்காதீர்கள், மூச்சுக் குழாயில் சிக்கும். முட்டையை நன்றாக வேக வைத்தே கொடுங்கள்.

தட்டில் என்ன

ஒரு வயதுக்கு மேல் பிள்ளை வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிடும், அங்கே பாக்டீரியாவின் பங்கு நார்ச்சத்து. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு இரண்டு முதல் ஐந்து வயதுக்கு நாளைக்கு 15 கிராம், ஆறு முதல் ஒன்பது வயதுக்கு 21 கிராம், அதற்கு மேல் 25 கிராம், எல்லாம் குறைந்தபட்சம். பருப்பு வகைகள், தவிடு நீக்காத தானியம், காய், தோலோடு பழம். சமைத்து ஆறிய உருளைக்கிழங்கில் செரிக்காத மாவுச்சத்து கூடும், அதுவும் பியூட்டிரேட் செய்யும் பாக்டீரியாவுக்குத் தீனி. சாப்பாடு மாறினால் குடல் பாக்டீரியா சில நாட்களிலேயே மாறத் தொடங்குகிறது என்று 2014-இல் பெரியவர்களில் பார்த்திருக்கிறார்கள், ஆனால் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் அதுவும் திரும்பிவிடும். ஒரு மாதம் செய்து நிறுத்துகிற காரியம் இல்லை இது.

மெதுவாகக் கூட்டுங்கள், ஒரே வாரத்தில் ஏற்றினால் வயிறு உப்பி எல்லோரும் வெறுத்துவிடுவார்கள்.

அலர்ஜி உள்ள பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம். பால், கோதுமை, முட்டை என்று ஒதுக்கி ஒதுக்கித் தட்டு சுருங்கிவிடும், கடைசியில் பிள்ளை நான்கு பொருளில் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றை எடுத்தால் ஒன்றையாவது சேர்க்க வேண்டும் என்று நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன். ஒவ்வொரு வாரமும் எத்தனை விதமான காய், பருப்பு, தானியம், பழம் என்று அடுப்படிச் சுவரில் ஒட்டிய தாளில் எழுதுவேன். முதல் வாரம் பதினொன்று வந்தது, அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிலைமை உறைத்தது.

வெளியே மண்ணில் விளையாட விடுங்கள். ஜப்பானில் 66,000 குழந்தைகளைப் பார்த்த 2023 ஆய்வில் வீட்டுக்குள் நாயோ பூனையோ இருந்த குழந்தைகளுக்கு உணவு அலர்ஜி குறைவாக இருந்தது. இதற்காகவே ஒரு நாய்க்குட்டி வாங்க வேண்டியதில்லை, இருக்கிற நாயை விரட்டவும் வேண்டியதில்லை.

புரோபயாடிக் கேள்விக்கு வருவோம்

மெல்போர்னில் 201 பிள்ளைகளை வைத்து நடந்த ஒரு சோதனையின் முடிவு 2022-இல் வந்தது. கடலை அலர்ஜி உள்ள பிள்ளைகளுக்கு டாக்டர் மேற்பார்வையில் கடலையைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு அதோடு புரோபயாடிக், இன்னொரு கூட்டத்துக்குப் புரோபயாடிக் இல்லாமல். சேர்த்தவர்களில் 46 சதவீதம் பேரும் சேர்க்காதவர்களில் 51 சதவீதம் பேரும் கடலையைத் தாங்கும் நிலைக்கு வந்தார்கள், இரண்டும் கிடைக்காதவர்களில் 5 சதவீதம்தான். வேலை செய்தது கடலை, புரோபயாடிக் அல்ல. எலியில் பாதுகாப்புத் தந்த அனேரோஸ்டிப்பஸ் போன்றவை காற்றுப் பட்டால் சாகிறவை, கடையில் கிடைக்கும் டப்பாக்களில் இருப்பது பெரும்பாலும் லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் வகைகள். வேறு ஆட்கள், வேறு வேலை.

அப்படியும் வாங்குவதென்றால் லேபிளைத் திருப்பிப் படியுங்கள். இனத்தின் பெயரோடு அதன் ரகத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் இருக்கிறதா, காலாவதி தேதிவரை எத்தனை உயிரோடு இருக்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பால் அலர்ஜி உள்ள பிள்ளை என்றால் இன்னும் கவனம், சில புரோபயாடிக்குகளைப் பாலில்தான் வளர்க்கிறார்கள், பால் புரதம் மிச்சம் இருக்கலாம். குறைமாதக் குழந்தைக்கும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. குறைமாதக் குழந்தைகளுக்கு ரத்தத் தொற்று அபாயம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் எச்சரித்தது.

மலத்தை அனுப்பிக் குடல் பாக்டீரியா அறிக்கை வாங்கும் பரிசோதனையால் அலர்ஜியைக் கண்டுபிடிக்க முடியாது. ஐஜிஜி (ஐஜிஇ அல்ல, வேறொரு எதிர்ப்பொருள்) ரத்தப் பரிசோதனையும் அப்படியே, அந்த உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் அது சொல்லும். அதை நம்பி இருபது உணவை நிறுத்திய வீடுகளைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும்.

அலர்ஜி ஏற்கனவே இருந்தால்

குடல் சரியாகிவிட்டது என்று நம்பி அந்த உணவை வீட்டில் கொடுத்துப் பார்க்காதீர்கள். துளிகூட வேண்டாம். நார்ச்சத்து, தாய்ப்பால், புரோபயாடிக் எதுவும் இருக்கிற அலர்ஜியைத் தடுத்து நிறுத்தாது.

சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் மூச்சு இழுப்பு, குரல் கம்மல், நாக்கு வீக்கம், தொடர் வாந்தி, மயக்கம், குழந்தை துவண்டு போவது என்று ஏதாவது வந்தால் அட்ரினலின் ஊசிதான் மருந்து, தொடையின் வெளிப்பக்கத் தசையில். டாக்டர் எழுதித் தந்த ஊசி கையில் இருந்தால் உடனே போட்டு, படுக்க வைத்து (மூச்சு வாங்கினால் சாய்த்து உட்கார வைத்து), ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் ஒரு நிமிடமும் வீணாக்காமல் மருத்துவமனைக்கு. எழுப்பி நடக்க வைக்காதீர்கள். அரிப்புக்குக் கொடுக்கும் அலர்ஜி மாத்திரை இதற்குப் போதாது. சரியான பிறகும் சில மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும், இரண்டாவது முறை திரும்ப வரலாம்.

பால், முட்டை அலர்ஜி பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரப் போய்விடும், கடலை அலர்ஜி சுமார் ஐந்தில் ஒருவருக்குத்தான் போகும். போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரே நம்பகமான வழி, மருத்துவமனையில் உட்கார வைத்து அளந்து கொடுத்துப் பார்ப்பது. வருடம் ஒருமுறை டாக்டரிடம் இதைக் கேளுங்கள், அவர்களாகச் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். முட்டை, பால் என்றால் மாவோடு சேர்த்து நன்றாக பேக் செய்த வடிவில் முதலில் சோதிக்கலாமா என்றும் கேளுங்கள், முட்டை அலர்ஜி உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் அதைத் தாங்குகிறார்கள். சோதனைக்கு முன் எந்த மருந்தை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைக்குப் பிடித்த பொம்மை, மாற்றுத் துணி, படிக்க இரண்டு புத்தகம் எடுத்துப் போங்கள், அரை நாள் ஆகும்.

என் மகளுக்கு நான்கு வயதில் அந்தச் சோதனை நடந்தது. விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு கேக், கால் மணி நேரம், அதைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு, மறுபடி கால் மணி நேரம். நர்ஸ் ஒவ்வொரு முறையும் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். கடைசித் துண்டு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்தும் தோலில் ஒரு புள்ளிகூட வரவில்லை. அந்தக் கேக்கை வாரம் மூன்று நாள் வீட்டில் தொடர்ந்து கொடுக்கச் சொல்லி, எவ்வளவு முட்டை, எத்தனை நிமிடம் பேக் செய்வது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.